ரப்பர் தேய்த்த ஓட்டை: குழந்தைகளுக்கான உளவியல் மதிப்பீட்டில் என்ன நடக்கிறது?

ஒரு நோட்டுப் புத்தகம். மூன்றாவது வரியில் தாள் மெலிந்து, நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது. எழுதி, ரப்பரால் அழித்து, அதே இடத்தில் மறுபடி எழுதி, மறுபடி அழித்ததால் வந்த ஓட்டை. எழுதியவள் ஒன்பது வயதுப் பெண். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வீட்டுப்பாடம் இரவு பத்து மணி வரை இழுக்கிறது. "சோம்பேறித்தனம்" என்கிறார் அப்பா. "எல்லாம் அச்சு மாதிரி இருக்கணும்னு நினைக்கிறா, நல்லதுதானே" என்கிறார் பாட்டி. "வகுப்பில் கவனமே இல்லை" என்கிறார் ஆசிரியர். அம்மாவுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இவள் ஒரு தனிக் குழந்தை அல்ல. பிள்ளைகளின் மனநலத்தை மதிப்பிடும் இந்த வேலையில் நான் பார்த்த பலரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்த உருவம். ஆனால் அந்த ஓட்டையை நிறைய நோட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பின்னால் என்ன இருக்கக்கூடும்? தப்பாக எழுதினால் நாளைக்கு எல்லோர் முன்னாலும் மிஸ் திட்டுவார் என்ற பயம் இருக்கலாம். அப்படியானால் அது பதற்றத்தின் பக்கம். "நான் எதைச் செய்தாலும் உருப்படாது" என்ற நினைப்பில், தன் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்காமல் அழிக்கலாம். அது மனச்சோர்வின் பக்கம். இந்த எழுத்து கோணலாக நின்றால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும், உள்ளுக்குள் 'சரி' என்று தோன்றும்வரை அழித்தே ஆக வேண்டும் என்று ஓர் எண்ணம் விரட்டலாம். அது ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தி ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கோளாறு.

வெளியே தெரிவது ஒரே ஓட்டைதான், ஆனால் எது காரணம் என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டியது மாறுகிறது. சோர்ந்துபோன குழந்தைக்கு ஆறுதல் வார்த்தை தெம்பு தரும். ஓசிடி உள்ள குழந்தையிடம் "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்று நாளுக்கு நூறு முறை சொன்னால், அந்த ஆறுதலே சடங்கின் ஒரு பகுதியாகி நோய்க்குத் தீனி போடும். அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் நிலைமை இன்னும் மோசமாகிறது. அதனால்தான், எது என்று தெரிந்துகொள்ளாமல் எதையாவது செய்யத் தொடங்குவது எனக்கு எப்போதும் பயமாக இருக்கிறது. உளவியல் மதிப்பீடு என்பது அந்த ஓட்டைக்குப் பின்னால் இருப்பதை அவசரப்படாமல், முறையாகத் தேடுவது.

மூன்றையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

பயமும் கவலையும் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. மூன்று வயதில் அம்மாவை விட்டுப் பிரிய அழுவதும், ஆறு வயதில் இருட்டுக்குப் பயப்படுவதும் வளர்ச்சியின் பகுதி. வயதுக்குரிய காலம் தாண்டியும் பயம் நின்று, தூக்கத்தையும் பள்ளியையும் நட்பையும் பறிக்கத் தொடங்கும்போதுதான் அதைக் கோளாறு என்கிறோம். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உலகெங்கும் நிபுணர்கள் பயன்படுத்தும் கையேடுகளில் ஒன்றான டி.எஸ்.எம்-5 இதற்குக் கால அளவும் தருகிறது: குழந்தைகளின் பிரிவுப் பதற்றத்துக்குக் குறைந்தது 4 வாரம், எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றத்துக்கு 6 மாதம். குழந்தைகள் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று அவ்வளவாகச் சொல்வதில்லை. "வயிறு வலிக்கிறது" என்பார்கள். பள்ளி நாள் காலையில் வந்து விடுமுறை நாளில் காணாமல் போகும் வயிற்றுவலியைப் பல வீடுகளில் 'நடிப்பு' என்று நினைத்துவிடுகிறார்கள். வலி உண்மையானது. பயம் வயிற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டு மூலையில் கிடக்கும் குழந்தையைத்தான் கற்பனை செய்கிறோம். பிள்ளைகளிடம் அது எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படலாம், டி.எஸ்.எம்-5 இதை வெளிப்படையாகவே ஏற்கிறது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, பிடித்த விளையாட்டில் ஆர்வம் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, தன்னை மட்டமாக நினைப்பது என்று பல அறிகுறிகள் சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும். பதின்வயதில் இதைத் 'திமிர்' என்று படித்துவிடுவது பெரிய இழப்பு.

ஓசிடிக்கு இரண்டு பாதிகள். வேண்டாம் என்றாலும் மறுபடி மறுபடி வந்து நிற்கும் எண்ணம் ஒன்று, அந்த எண்ணம் தரும் தவிப்பைத் தணிக்கச் செய்யும் செயல் மற்றொன்று. கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்த செயல். மனதுக்குள் எண்ணுவது, ஒரே பிரார்த்தனையைத் தப்பில்லாமல் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்வது, "நான் கெட்ட பையனாம்மா?" என்று விடாமல் கேட்பது ஆகியவையும் அதே வகைதான். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போனால், அல்லது அன்றாட வாழ்க்கையே தடுமாறினால், கோளாறு என்று கருதப்படுகிறது. 2013 வரை இதைப் பதற்றக் கோளாறுகளின் அத்தியாயத்துக்குள் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு வெளிவந்த டி.எஸ்.எம்-5 தனி அத்தியாயம் கொடுத்துப் பிரித்தது. ஆனாலும் நடைமுறையில் மூன்றும் சேர்ந்தே வருவது சகஜம். ஓசிடியோடு பல மாதம் தனியாகப் போராடிய பிள்ளை சோர்ந்துபோவதில் என்ன வியப்பு?

சல்லடையும் மதிப்பீடும் ஒன்றல்ல

பள்ளியிலோ குழந்தைகள் மருத்துவரிடமோ ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் அது 'ஸ்கிரீனிங்', அதாவது சல்லடை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பரிந்துரைக் குழு ஒன்று 2022-இல், 8 முதல் 18 வயது வரையிலானவர்களுக்குப் பதற்றத்துக்கும், 12 முதல் 18 வரையிலானவர்களுக்கு மனச்சோர்வுக்கும் இந்தச் சல்லடையைப் பரிந்துரைத்தது. அறிகுறி எதுவும் வெளியே தெரியாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

உதாரணமாக 'ஸ்கேர்டு' என்ற கேள்வித்தாள். 41 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'சில நேரம்', 'அடிக்கடி' என்று குறிக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு பிரதி, பெற்றோருக்கு ஒரு பிரதி. மொத்த மதிப்பெண் 25-ஐத் தொட்டால் பதற்றக் கோளாறு இருக்கக்கூடும், மேலே பாருங்கள் என்று பொருள். இருக்கிறது என்று பொருளல்ல. இணையத்தில் கிடைக்கும் இப்படிப்பட்ட தாளை வீட்டில் நிரப்பி, 27 வந்ததும் இரவெல்லாம் தூங்காமல் தவித்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். 20 வந்ததும் "ஒண்ணுமில்லை" என்று ஓராண்டு தள்ளிப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சல்லடையில் நல்லதும் சிக்கும், சில சமயம் கல்லும் நழுவும்.

முழு மதிப்பீடு என்பது ஒரே உட்காரலில் முடியாதது. பெரும்பாலும் இரண்டு மூன்று சந்திப்புகள். பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரோ குழந்தைகள் மனநல மருத்துவரோ செய்வார். மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. பரிசோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் பெரும்பாலும் உளவியலாளர் பக்கம். இருபது நிமிடம் பார்த்துவிட்டு ஒரு பெயரை எழுதிக் கொடுத்தால், இன்னொருவரிடமும் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அறைக்குள்

முதலில் பெற்றோருடன் தனியாகப் பேச்சு. கருவுற்ற காலம், பேச்சும் நடையும் வந்த வயது, தூக்கம், பள்ளி, நண்பர்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, அண்மையில் வீட்டில் இழப்போ பிரிவோ இடமாற்றமோ நடந்ததா என்று எல்லாம் கேட்போம். 'இதெல்லாம் எதுக்கு?' என்று சிலருக்கு எரிச்சல் வரும். பிரச்சினை எப்போது தொடங்கியது, அதற்கு முன் குழந்தை எப்படி இருந்தது என்பது தெரியாமல் இன்றைய நிலையை அளக்க முடியாது. பரம்பரை பற்றிய கேள்வி பழி சுமத்த அல்ல. பதற்றமும் ஓசிடியும் குடும்பங்களில் தொடர்வது உண்டு.

பெற்றோரிடம் நான் தவறாமல் கேட்கும் ஒன்று: "அவள் அழுவதைத் தவிர்க்க வீட்டில் நீங்கள் என்னவெல்லாம் செய்கிறீர்கள்?" முதலில் "ஒண்ணுமில்லையே" என்பார்கள். பிறகு மெதுவாக வரும். வீட்டுப்பாடத்தை அம்மா நான்கு முறை சரிபார்க்கிறார். ஓட்டை விழுந்த பக்கத்தை அப்பா கிழித்துவிட்டுப் புது நோட்டு வாங்கித் தருகிறார். தம்பி அவள் மேசையைத் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம். வீடே அந்தப் பயத்துக்கு ஏற்ப வளைந்துபோயிருக்கும். இதைச் சொல்லும்போது பல பெற்றோர் குற்ற உணர்வில் உடைந்து அழுகிறார்கள். வேண்டாம். பிள்ளையின் தவிப்பைப் பார்க்கும் எவரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் எவ்வளவு வளைந்திருக்கிறோம் என்பது தெரிந்தால்தான் சிகிச்சையில் எதை முதலில் நிமிர்த்துவது என்று திட்டமிட முடியும்.

பிறகு குழந்தை. சின்னப் பிள்ளைகள் என்றால் தரையில் உட்கார்ந்து விளையாடியபடியே. ஏழு எட்டு வயதுக்குக் கீழே கேள்வித்தாளைக் கொடுத்தால் நம்பத்தகுந்த விடை வராது. பெரியவர்கள் என்றால் நேருக்கு நேர் பேச்சு. 'கே-சாட்ஸ்' போன்ற ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்காணல் முறைகள் உண்டு. எந்த அறிகுறியையும் கேட்க மறந்துவிடாமல் இருக்க அவை உதவும். ஆனால் கேள்வியைக் கேட்கும் விதம்தான் கதவைத் திறக்கும்.

அந்த ஒன்பது வயதுப் பெண்ணிடம் "ஏன் அழிச்சுக்கிட்டே இருக்கே?" என்றால், "தெரியலை" என்பாள். அதை அவளிடம் எல்லோரும் கேட்டாயிற்று. எனவே நோட்டை மேசையில் வைத்துவிட்டு வேறு மாதிரி கேட்கிறேன்.

"இந்த எழுத்தை இப்படியே விட்டுட்டு அடுத்த வரிக்குப் போனா என்ன ஆகும்?"

"நல்லா இருக்காது."

"நல்லா இல்லைன்னா?"

தோளைக் குலுக்குகிறாள். ரப்பரை விரலில் உருட்டுகிறாள்.

"சில பிள்ளைகளுக்கு மனசுக்குள்ள ஒரு எண்ணம் வந்து மாட்டிக்கும். இதைச் செய்யலைன்னா கெட்டது நடக்கும்னு சொல்லும். பொய்னு தெரிஞ்சாலும் விடாது. உனக்கு அப்படி ஏதாவது?"

நீண்ட அமைதி. பிறகு மிக மெல்லிய குரலில்: "அம்மா மாடிப்படியில விழுந்துடுவாங்க."

"எழுத்து கோணலா இருந்தா?"

"ம்."

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"சொன்னா நிஜமாயிடும்."

அந்த ஒரு வரியில் பல மாதத்துத் தனிமை இருக்கிறது. இதைக் கேள்வித்தாள் மட்டும் வெளியே கொண்டுவராது. ஓசிடி உள்ள குழந்தைகள் தங்கள் எண்ணங்களை மறைப்பதில் தேர்ந்தவர்கள். தாங்கள் பைத்தியமோ, கெட்டவர்களோ என்ற வெட்கம் ஒரு பக்கம், சொன்னால் பலித்துவிடும் என்ற பயம் மறுபக்கம். 'உனக்கு மட்டுமில்லை, மற்ற பிள்ளைகளுக்கும் வருகிறது' என்று முன்கூட்டியே சொல்லிக் கேட்பது அதனால்தான்.

இதன் பிறகு அளவுகோலுக்கு வேலை வருகிறது. குழந்தைகளின் ஓசிடிக்கு உலகெங்கும் பயன்படுவது சி.ஒய்-பாக்ஸ் என்ற நேர்காணல் அளவுகோல். எண்ணங்களைப் பற்றி ஐந்து கேள்விகள், செயல்களைப் பற்றி ஐந்து. எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு இடைஞ்சல், எவ்வளவு தவிப்பு, எவ்வளவு எதிர்த்து நிற்கிறாய், எவ்வளவு கட்டுப்படுத்த முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. மனச்சோர்வுக்கு உளவியலாளர் மரியா கோவாக்ஸ் உருவாக்கிய சி.டி.ஐ என்ற கேள்வித்தாள் உண்டு, 7 முதல் 17 வயது வரைக்கும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று வாக்கியங்கள் இருக்கும். கடந்த இரண்டு வாரத்தில் தனக்குப் பொருந்தியதைக் குழந்தை தேர்ந்தெடுக்கும்.

எல்லோரும் வேறு வேறாகச் சொன்னால் யாரை நம்புவது?

அம்மா ஒன்று சொல்வார், அப்பா மறுப்பார், ஆசிரியர் மூன்றாவதாக ஒன்று சொல்வார், குழந்தை "எனக்கு ஒண்ணுமில்லை" என்பாள். பெற்றோர் மிகவும் சங்கடப்படும் இடம் இது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

1987-இல் உளவியலாளர் தாமஸ் அக்கன்பாக்கும் அவர் குழுவினரும் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அம்மாவும் அப்பாவும் போல ஒரே நிலையில் இருப்பவர்கள் சொல்வதற்கிடையே ஒத்துப்போகும் அளவு சராசரியாக 0.60. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் போல வேறு வேறு நிலையில் இருப்பவர்களுக்கிடையே 0.28. குழந்தை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் 0.22 மட்டுமே. முழுக்க ஒத்துப்போனால் 1. ஆக, முரண்பாடு என்பது விதிவிலக்கல்ல, வழக்கமே அதுதான். பள்ளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிட்டு வீட்டு வாசலில் வெடிக்கும் குழந்தையை ஆசிரியர் எப்படி அறிவார்? உள்ளே ஓடும் கவலையையும் சோகத்தையும் குழந்தைதான் நன்றாக அறியும். வெளியே தெரியும் நடத்தையைப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். முரண்பாடு எங்கே விழுகிறது என்பதே எங்களுக்குத் தகவல்.

கேட்கத் தயங்கும் கேள்வி

"சாகணும்னு தோணியிருக்கா?" என்று குழந்தையிடம் கேட்போம். தெளிவாக, நேராக. "ஐயோ, அவ மனசுல இல்லாததை நீங்க விதைச்சிடாதீங்க" என்று கெஞ்சும் பெற்றோர் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்தது. இந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிடத் தவிப்போ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. கேள்வி எண்ணத்தை விதைப்பதில்லை. ஏற்கெனவே தனியாகச் சுமப்பவர்களுக்கு இறக்கி வைக்க ஓரிடம் தருகிறது.

குழந்தை எங்களிடம் சொல்வதை எல்லாம் பெற்றோரிடம் ஒப்பிப்பதில்லை. உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்ற செய்தி, இவை மட்டும் விதிவிலக்கு. இதைக் குழந்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒன்றை இங்கேயே சொல்லியாக வேண்டும்: பிள்ளை சாவதைப் பற்றிப் பேசினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், மதிப்பீட்டுக்குக் கொடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

மற்ற பரிசோதனைகள்

பதற்றத்தையோ மனச்சோர்வையோ ஓசிடியையோ காட்டித்தரும் ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இல்லை. ஆனாலும் தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் கோளாறு போன்றவை இதே முகத்தோடு வரலாம் என்பதால் உடல் பரிசோதனை வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தைக்கு ஓரிரு நாளில் கடும் ஓசிடி வந்தால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஸ்ட்ரெப் கிருமியால் வரும் தொண்டைத் தொற்றுக்குப் பின் இப்படித் திடீரென வரும் ஒரு வகையை 1998-இல் அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோ குழுவினர் விவரித்திருக்கிறார்கள்.

அறிவுத்திறன் தேர்வு எல்லோருக்கும் தேவையில்லை. படிப்பில் சரிவு இருந்து, கற்றல் குறைபாடா, கவனக் குறைபாடா, பதற்றம்தான் கவனத்தைத் தின்கிறதா என்று பிரிக்க வேண்டியிருந்தால் வெக்ஸ்லர் தேர்வு போன்றவை உதவும். சோர்ந்த குழந்தை மெதுவாகத்தான் எழுதும், வேகத்தை அளக்கும் பகுதியில் மதிப்பெண் குறையும். அந்த எண்ணைப் பார்த்து 'மந்தம்' என்று முடிவு கட்டுவது அநியாயம். குழந்தை வரைந்த படத்தை மட்டும் வைத்து நோயைக் கண்டுபிடிப்பதாகச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். படம் வரைவது பேச்சைத் தொடங்க நல்ல வழி. அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றக் கூடாது.

போவதற்கு முன்

குழந்தையிடம் பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். "சும்மா ஒரு ஆன்ட்டியைப் பார்க்கப் போறோம்" என்று கூட்டி வந்த பிள்ளை முதல் அரை மணி நேரம் வாயே திறக்காது. "உனக்கு வீட்டுப்பாடம் எழுத ரொம்பக் கஷ்டமா இருக்கில்ல, அதுல உதவி பண்றவங்க. ஊசி கிடையாது, மார்க்கும் கிடையாது" என்று சொன்னால் போதும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது, அதற்கு முன் என்ன நடந்தது. "எப்பப் பார்த்தாலும்" என்பதைவிட "செவ்வாய் இரவு 50 நிமிடம்" எங்களுக்கு ஆயிரம் மடங்கு பயன். அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். ஓட்டை விழுந்த பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

அறிக்கை கையில் வந்ததும்

அதில் 'டி-ஸ்கோர்' என்று இருக்கும். அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரியை 50 என்று வைத்து, அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கான கணக்கு. பத்துப் புள்ளி ஒரு படி. பல அளவுகோல்களில் 65-க்கு மேல் போனால் கவனம் தேவை, 70 என்றால் தெளிவாகவே அதிகம். நூற்றுக்கு வாங்கிய மார்க் என்று நினைத்து 70-ஐப் பார்த்து மகிழ்ந்த ஓர் அப்பாவும், 50-ஐப் பார்த்துக் கலங்கிய ஓர் அம்மாவும் எனக்கு நினைவில் இருக்கிறார்கள். தப்பு அவர்கள் மேல் அல்ல, விளக்காமல் தாளை நீட்டியவர்கள் மேல். எனவே அறிக்கையை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள். ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள், வேறு எதையெல்லாம் யோசித்து விலக்கினீர்கள், அடுத்து என்ன என்று கேளுங்கள். நல்ல அறிக்கையில் எண்களைவிட அந்தக் காரணங்களே அதிக இடம் பிடித்திருக்கும். "கோளாறு என்று சொல்லும் அளவுக்கு இல்லை, மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்பதும் முழுமையான பதில்தான்.

நம் பெண்ணின் அறிக்கையில் ஓசிடி என்று இருந்தது, சி.ஒய்-பாக்ஸ் 24. பரிந்துரை: பயத்தைச் சிறு சிறு படிகளாக எதிர்கொண்டு, அழிக்காமல் தாக்குப்பிடிக்கப் பழகும் சிகிச்சை. அம்மாவின் நான்கு முறை சரிபார்ப்பு வாரத்துக்கு ஒரு முறை வீதம் குறைந்துகொண்டே வர வேண்டும். பள்ளிக்கு ஒரு கடிதம், சில மாதம் பேனாவால் எழுத அனுமதி கேட்டு. இதை அவளுக்கும் அவள் மொழியில் சொன்னோம். அந்த எண்ணத்துக்கு அவளே ஒரு பெயர் வைத்தாள், "நச்சரிப்பான்" என்று.

பன்னிரண்டு வாரம் கழித்து அதே பத்துக் கேள்விகளை மறுபடி கேட்டோம். மொத்தம் 13. பையிலிருந்து நோட்டை எடுத்து அவளே விரித்துக் காட்டினாள். பேனா எழுத்து, இரண்டு இடத்தில் அடித்து எழுதியிருந்தாள், ஓர் எழுத்து நன்றாகவே கோணலாக நின்றது. அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.